கொல்லிக்கு ஓர் ஆற்றுப்படை

மாசி பிறந்துவிட்டால் புதுக்கோட்டைச் சீமைக்கு இரண்டு பருவங்கள் ஒரே நாளில் வந்து போகும். விடியற்காலையில் போர்வை வேண்டியிருக்கிறது. பதினொரு மணிக்கு மின்விசிறி வேண்டியிருக்கிறது. கண்மாய்களில் தண்ணீர் நடுப்பள்ளத்துக்கு ஒதுங்கி, ஓரத்துச் சேறு வெடிக்கத் தொடங்கியிருக்கும். வேம்பு பழுத்த இலைகளை உதிர்த்துவிட்டுச் செம்புநிறத் தளிருக்குக் காத்திருக்கும். பழைய கணக்கின்படி இது பின்பனிக் காலம். தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய பெரும்பொழுதுகளாகக் கொடுத்துவிட்டு, பின்பனியைப் பாலைக்கு உரியதாக்குகிறது. ஆக, இலக்கணப்படி மலைக்குப் போக இது காலமன்று. ஆனால் எங்கள் வீட்டு நாட்காட்டியைப் பார்த்தால், இதைவிட்டால் வேறு காலமே இல்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் மகள் பதினோராம் வகுப்பில் இருக்கிறாள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியது. அதனால் அவளுக்கு இந்த ஆண்டு மட்டும் சற்று மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு. அதற்கு அடுத்த ஆண்டு ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு விடுதியில் இருப்பாள். மகன் எட்டாம் வகுப்பு. எங்களில் ஒருவருக்கு அம்மாவும் மற்றவருக்கு அத்தையும் பிள்ளைகளுக்கு அப்பத்தாவுமாகிய மூத்தவருக்கு எழுபத்தெட்டு வயது. எங்களிடம் இருப்பது ஐவர் உட்காரக்கூடிய சிறிய கார். ஐந்து பேரும் அதில் ஒன்றாக உட்கார்ந்து இரண்டு நாள் எங்காவது போய்வர இன்னும் எத்தனை முறை வாய்க்கும் என்று ஓர் இரவு எண்ணிப் பார்த்தோம். எண்ணிக்கை பெரிதாக வரவில்லை.

நாட்களைத் தேர்ந்தெடுப்பதும் எளிதாக இல்லை. எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் பயிற்றுவிப்பவர். பருவத் தேர்வுக்கு முந்தைய உள்மதிப்பீட்டுத் தேர்வுகள் மார்ச்சில் வந்துவிடும். மற்றவர் கணக்கு எழுதுபவர். மார்ச் என்றால் அவரைத் தொடவே முடியாது. போதாக்குறைக்கு எங்கள் பக்கம் இது அம்மன் திருவிழாக் காலம். திருவப்பூரில் மாசியிலும் நார்த்தாமலையில் பங்குனியிலும் முத்துமாரியம்மனுக்குத் திருவிழா. எங்கள் சொந்த ஊரில் பங்குனி பிறந்ததும் காப்புக் கட்டிவிடுவார்கள். காப்புக் கட்டிய பிறகு வெளியூரில் இரவு தங்கக்கூடாது என்பது ஊர் வழக்கம். மற்ற யார் விட்டுக்கொடுத்தாலும் அப்பத்தா இதில் விட்டுக்கொடுக்கமாட்டார். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்ததில் மாசியின் நடுவில் ஒரு சனி, ஞாயிறு, திங்கள் மிஞ்சின.

எங்கே போவது என்பதில் வீடு இரண்டு கட்சிகளாகப் பிரிந்தது. பிள்ளைகள் கொடைக்கானல் கட்சி. அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை, மணப்பாறை, திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று மகன் வழியை ஒப்பித்தான். 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறை வந்திருப்பதையும், 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4000, வார இறுதியில் 6000 வண்டிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு விதித்ததையும் மகள் எடுத்துச் சொல்லி, கோடையில் போனால் கூட்டம், இப்போது போனால் காலி என்று வாதாடினாள். நியாயமான வாதம்தான். ஆனால் கொடைக்கானல் ஏறத்தாழ 7000 அடி உயரம். மாசி இரவுகளில் அங்கே குளிர் இன்னும் மிச்சமிருக்கும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவரை அந்தக் குளிருக்குள் கொண்டுபோக எங்களுக்கு மனம் வரவில்லை. குறிஞ்சியாவது பூத்திருந்தால் ஒரு சாக்கு இருந்திருக்கும். அது 2018-இல் பூத்து ஓய்ந்தது, இனி 2030-இல்தான். "அப்ப எனக்கு எண்பத்திரண்டு" என்று அப்பத்தா மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் வெற்றிலையை மடித்தார்.

எங்கள் கட்சி கொல்லிமலை. இதில் தொழில்சார்ந்த ஆசை உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆண்டுதோறும் வகுப்பில் கொல்லியைச் சொல்லாமல் சங்க இலக்கியம் நடத்த முடியாது. கடையெழு வள்ளல்களில் ஒருவனாகிய வல்வில் ஓரியின் மலை அது. அவனைத் திருமுடிக்காரி கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்த செய்தி அகநானூற்றில் இருக்கிறது. ஓரியின் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாய் வழியே போய், மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பில் தைத்து நின்றது என்று வன்பரணர் பாடியதைச் சொன்னபோது மகன், "ஒரே அம்பா?" என்று கேட்டுவிட்டு அரை மனதாக எங்கள் கட்சிக்கு வந்தான். அருகிலேயே மலை வேண்டுமென்றால், பொன்னமராவதியைத் தாண்டிச் சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் போனால் பாரியின் பறம்பு என்று கருதப்படும் பிரான்மலை இருக்கிறது. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் அப்பத்தாவுக்கு வேண்டியது வேறு.

அவர் கேட்டது இதுதான்: "மேல போனா மேகம் கீழ தெரியுமாமுல்ல?"

இதைக் கேட்டவர் வாழ்நாள் முழுதும் மேகத்தைக் கீழிருந்தே பார்த்து வந்தவர். வற்றாத ஆறு எதுவும் எங்கள் மாவட்டத்துக்கு இல்லை. வெள்ளாறுகூட மழை பெய்தால்தான் ஆறு. மற்ற நாட்களில் கண்மாயும் கிணறும்தான் கதி. வானம்பார்த்த இரண்டு ஏக்கரில் கடலையும் கொஞ்சம் நெல்லும் போட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர், எந்த மேகம் பெய்யும், எந்த மேகம் ஏமாற்றிவிட்டு அடுத்த ஊருக்குப் போகும் என்று நின்ற இடத்திலிருந்தே சொல்வார். குடுமியான்மலைக்கும் திருமயத்துக்கும் போயிருக்கிறார், அவையெல்லாம் பாறைகள். மேகம் இறங்கிவந்து தொடும் மலையை அவர் கண்டதில்லை. மாசியில் கொல்லியில் மேகம் கிடைக்குமா என்பது உறுதியில்லை. விடியற்காலைப் பனிமூட்டமாவது கிடைக்கலாம். அதையும் சொன்னோம். "கெடச்சதப் பாப்போம்" என்றார்.

உறவில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைக்கு இந்த வயதில் கூட்டிப்போக வேண்டுமா, இரண்டு நாள் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள் என்று அன்போடுதான் சொன்னார்கள். இந்தப் பேச்சு நடந்தபோது அப்பத்தா அடுப்படியில் இருந்தார். கேட்டிருப்பார். அன்று மாலை, "நான் வல்லப்பா, நீங்க பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்றார். அதுவரை பொழுதுபோக்காக இருந்த திட்டம் அந்த நொடியிலிருந்து வேறொன்றாகிவிட்டது.

மறுநாள் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். கொல்லிமலையின் உயரம் 1000 முதல் 1300 மீட்டர். அந்த உயரம் இவருக்குத் தடையில்லை, வளைவுகளில் தலைசுற்றாமல் மெதுவாகப் போங்கள், எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள் என்றார் மருத்துவர். கடைசியாகச் சொன்னதில்தான் சிக்கல். அப்பத்தா உண்ணும் மாத்திரைகளில் ஒன்று நீர் பிரியவைப்பது. காலையில் அதைப் போட்டால் நண்பகலுக்குள் பலமுறை போகவேண்டி வரும். "பயணத்தன்னிக்கு மட்டும் போடாம இருந்துக்கறேன், தண்ணியும் குடிக்கமாட்டேன்" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டும் கூடவே கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்து கேட்டபோதுதான் அவர் விரித்துச் சொன்னார். பழனிக்குப் போனது, வேளாங்கண்ணிக்குப் போனது, மகள் பேறுகாலத்துக்கு மதுரைக்குப் பேருந்தில் போய்வந்தது எல்லாமே முதல்நாள் இரவிலிருந்து நீர் அருந்தாமல் போன பயணங்கள்தாம். அவருடைய அம்மா அப்படித்தான் போனார். ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் போனார்கள். ஆண்கள் வண்டியை நிறுத்தி ஓரமாகப் போய் வந்தார்கள். பெண்கள் வாயைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இதில் அவருக்குக் குறை எதுவும் இல்லை. கட்டுச்சோற்றைப் போல இதுவும் பயண ஏற்பாடுகளில் ஒன்று. மகள் எழுந்து தன் அறைக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. "திட்டத்த நான் எழுதறேன்" என்றாள்.

அவள் எழுதிய திட்டத்தில் இடங்களைவிட நிறுத்தங்களே அதிகம். புதுக்கோட்டையிலிருந்து செம்மேடு வரை ஏறத்தாழ 190 கிலோமீட்டர். முதலில் கீரனூர் வழியாகத் திருச்சி 55 கிலோமீட்டர். காவிரியைக் கடந்து வடகரையோடு குணசீலம், முசிறி, தொட்டியம், பிறகு நாமக்கல், அங்கிருந்து சேந்தமங்கலம் வழியே மலையடிவாரமான காரவள்ளி. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் என்றாள். அந்த நிறுத்தம் தேநீருக்கானதாக மட்டும் இருக்கக்கூடாது. நல்ல கழிப்பறை வேண்டும், அதிலும் குந்தி உட்கார முடியாத முழங்கால்களுக்கு ஏற்ற கழிப்பறை வேண்டும். பெட்ரோல் பங்க்குகளில் பொதுமக்களுக்குக் கழிப்பறை வசதி தரவேண்டும் என்று விதி இருக்கிறது. அது திறந்திருக்கிறதா, பூட்டியிருந்தால் சாவி யாரிடம், உள்ளே தண்ணீர் வருகிறதா என்பவற்றை எந்த வரைபடமும் சொல்வதில்லை.

இங்கேதான் ஆற்றுப்படை நினைவுக்கு வந்தது. வகுப்பில் நாம் அதை எப்படி நடத்துகிறோம்? பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் கலைஞனுக்கு வள்ளலிடம் போக வழிகாட்டுவது என்று ஒரு வரியில் வரையறுத்துவிட்டு, வள்ளலின் பெருமைக்குத் தாவிவிடுவோம். ஆனால் மலைபடுகடாமின் 583 அடிகளைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடும் அளவுக்கு வழியையும் பாடுகிறார். எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எந்தக் குழியில் பாம்பு இருக்கும், தினைப்புனம் காப்பவர்கள் எறியும் கவண்கல் எந்தப் பக்கமிருந்து வரும், வழுக்கும் பாறையில் எதைப் பற்றிக்கொண்டு நடப்பது, இரவில் எங்கே தங்குவது, எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கூட்டம் சுற்றத்தோடு போகும் கூட்டம். நடந்து களைத்த விறலியின் பாதத்தை, ஓடி இளைத்த நாயின் நாவோடு ஒப்பிடுவது ஆற்றுப்படைப் பாடல்களின் மரபு. கூட்டத்தில் யாருடைய கால் முதலில் ஓயும் என்று பார்த்தே அவர்கள் வழியை வகுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

எங்களுக்கும் எதிரே வரும் பாணர் ஒருவர் கிடைத்தார். நாமக்கல்லில் பெண் கொடுத்திருக்கும் சக ஆசிரியர் அவர்; மாதம் ஒருமுறை மனைவியோடும் மாமியாரோடும் அந்தச் சாலையில் போய்வருகிறவர். கல்லூரி ஓய்வறையில் அரை மணி நேரத்தில் அவர் சொன்னதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டோம்: முசிறிக்கு முன்னால் எந்த பங்க், எந்த உணவகத்தில் கைப்பிடி வைத்த கழிப்பறை, எந்த இடத்தில் சாவியைக் கேட்டு வாங்கவேண்டும், எங்கே நிறுத்தவே கூடாது. ஆசிரியர் பணியில் இத்தனை ஆண்டுகளில் நாங்கள் எடுத்த குறிப்புகளில் இவ்வளவு பயனுள்ள பக்கம் வேறில்லை.

நாங்கள் இப்படித் தண்ணீரைச் சுற்றித் திட்டமிடும் அதே வாரத்தில், சுவிட்சர்லாந்தில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் மின்னஞ்சல் எழுதியிருந்தார். மார்ச் இறுதியில் அவரும் குடும்பத்தோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டித் தெற்கே போக எண்ணியிருக்கிறாராம். அங்கே அப்போது வசந்தத்தின் தொடக்கம். ஆனால் கோட்ஹார்ட், ஃபுர்க்கா போன்ற உயர்ந்த கணவாய்ச் சாலைகள் மே கடைசி அல்லது ஜூன் வரைகூடப் பனியில் மூடிக்கிடக்கும். அதனால் 1980-இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் சுரங்கப் பாதை வழியாகத்தான் போயாக வேண்டும். குளிர்கால டயரைக் கழற்றுவதா வேண்டாமா என்பது அவருடைய கவலை. அங்கே பனி இன்னும் விலகவில்லை. இங்கே கோடை முன்கூட்டியே வந்து காத்திருக்கிறது. அதே மார்ச்சில் எங்கள் மலைகளில் புல் காய்ந்து தீக்கு ஆயத்தமாக இருக்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மலையேற்றத் தடங்களை வனத்துறை மூடிவைப்பது இதனால்தான். புளியஞ்சோலைப் பக்கமிருந்து நடந்து ஏறலாமே என்ற மகனின் யோசனையை இதைச் சொல்லித்தான் தள்ளினோம்.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினோராண்டு பழைய வண்டி. பிரேக் கட்டை, கிளட்ச், கூலன்ட், ஸ்டெப்னியின் காற்று நான்கையும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். மெக்கானிக் தம்பி சொன்ன பாடம்: எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், நியூட்ரலில் விட்டுப் பெட்ரோலை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள், பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும், ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும். எழுபது வளைவுகளில் பத்துக்கு ஒருமுறை, அகலமான இடம் பார்த்து நிறுத்துவதென்று தீர்மானம். முன்னிருக்கை அப்பத்தாவுக்கு. பின்னால் உட்கார்ந்தால் குமட்டும். முன்னால் உட்கார்ந்து தொலைவில் பார்வையை வைத்தால் குமட்டல் குறையும். காலையில் இரண்டு இட்டிலிக்கு மேல் யாருக்கும் இல்லை. எலுமிச்சம்பழமும் சுக்கும் அவர் பொறுப்பு.

மேலே போனபின் பார்க்கவேண்டியவற்றின் பட்டியலையும் மகள் சுருக்கிவிட்டாள். முதல் நாள் வழியில் நாமக்கல்லில் கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயர். இரவு செம்மேட்டில் தரைத்தளத்தில் அறை. இரண்டாம் நாள் விடியலில் மூட்டத்துக்காக ஒரு காட்சிமுனை. பிறகு அறப்பளீசுவரர் கோயில். அம்பலவாணக் கவிராயர் சதகம் பாடிய ஈசர் இவர்தாம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஐந்து நிமிடம் எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. கோயிலுக்கு அருகிலிருந்துதான் ஆகாயகங்கை அருவிக்கு இறங்க வேண்டும்; 300 அடி அருவி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அப்பத்தா இறங்க முடியாது. அதனால் எங்களில் ஒருவர் மகனோடு முதலில் இறங்குவது, அவர்கள் ஏறிவந்த பிறகு மற்றவர் மகளோடு இறங்குவது. மாசியில் அருவி மெலிந்துதான் இருக்கும் என்று பாணரும் சொல்லிவிட்டார். மெலிந்த அருவியைப் பார்க்க ஆயிரம் படியா என்று கேட்டால், ஆம், அது பிள்ளைகளின் பங்கு. மாலையில் மலையாளி மக்களின் சந்தைக் கடைகளில் மிளகும், சாமையும், தேனும் வாங்குவது அப்பத்தாவின் பங்கு. இம்மலையின் சிறுதானியங்களைக் காக்க எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள் தொட்டுப் பாடுபட்டு வருகிறது. சாமை என்றதும் அவர் கண்ணில் வந்த வெளிச்சம் அருவி என்றபோது வரவில்லை. சின்ன வயதில் எங்கள் ஊரிலும் விதைத்தார்களாம். விதைச் சாமை கிடைத்தால் ஒரு படி வேண்டுமாம்.

அவர் வருவதாகச் சொன்னது அந்தச் சாமையாலா, நோட்டிலிருந்த நிறுத்தங்களாலா என்பது எங்களுக்குத் தெரியாது. மகள் திட்டத்தை வாசித்துக் காட்டினாள்: எத்தனை மணிக்கு எங்கே, அங்கே என்ன வசதி. மூன்றாவது நிறுத்தம் வந்தபோது அப்பத்தா குறுக்கிட்டு, "இதெல்லாமா எழுதி வப்பாக?" என்று வெட்கப்பட்டார். பிறகு முழுவதையும் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். கடைசியில், நம் கிணற்றுத் தண்ணீரில் நான்கு பாட்டில் நிரப்பிக்கொள்ள வேண்டும், வெளித்தண்ணீர் தனக்குச் சேராது என்று ஒரு திருத்தம் சொன்னார். மகள் அதையும் எழுதிக்கொண்டாள்.

வரும் சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. நாமக்கல் வரைக்கும் வழி எங்களுக்குத் தெளிவாகிவிட்டது. சேந்தமங்கலத்துக்கும் செம்மேட்டுக்கும் இடையிலான பகுதிதான் நோட்டில் இன்னும் வெற்றிடமாக இருக்கிறது; பாணருக்கும் அந்த மலைப்பாதை பழக்கமில்லை. மூத்தவர்களோடு அவ்வழி போய்வந்தவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், எந்த வளைவில் நிறுத்தலாம், எங்கே கதவு திறந்திருக்கும் என்று எங்களை ஆற்றுப்படுத்தலாம். அந்தப் பக்கத்தை மகள் நிரப்பாமல் வைத்திருக்கிறாள்.